ரோட்டைப் பாத்த வீடு

அந்தச் சேர்ல உக்காராதம்மா, ஒரு கால் ஆடுது. காலையில ஒரு பெரியவர் விழப் பாத்தார். இங்க வா, என் பக்கத்துல உக்காரு. இந்தப் பைய நான் மடியில வெச்சுக்கறேன். பார்ம் நிரப்பறியா? நிரப்பு, நிரப்பு. பேனா கொண்டாந்திருக்கியே, கெட்டிக்காரி. இங்க ஒரு பேனாவுக்கு அவனவன் கெஞ்சறான். உள்ள யாரு, மருமகளா? ஓ, தங்கச்சியா. எனக்குப் பொண்ணு. சிந்துஜான்னு பேரு. தலைப்பிரசவம். எட்டாவது மாசம்தான் நடக்குது, நேத்து மத்தியானம் கொண்டாந்து படுக்க வெச்சாச்சு. பி.பி. நூத்தி எழுபதுக்கு நூத்தி பத்து.

கொண்டாந்தது நான் இல்ல. அதையும் நானே சொல்லிடறேன், இல்லன்னா அவ வந்து சொல்லுவா. என் ஓரகத்திதான் கொண்டாந்தா. குணசுந்தரி, குணான்னு கூப்பிடுவேன். என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. இப்ப மாத்திரை வாங்கக் கீழ போயிருக்கா. பச்சைப் புடவை, கையில ஃபிளாஸ்க்கு. அந்தப் படிக்கட்டுல ஏறி வருவா பாரேன், மூணு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது அவளுக்கு. என்னவிட ரெண்டே வயசுதான் சின்னவ. எனக்கு ஒரு மாடி ஏறினா நெஞ்சு அடைக்குது. அது எப்படிம்மா, நீயே சொல்லு.

நான் உப்ப விட்டு நாலு வருஷம் ஆச்சு. ஊறுகா கிடையாது, அப்பளம் கிடையாது. காலையில ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. எனக்கு நூத்தி அறுபது. அவ தினம் கருவாடு வறுத்துத் திங்கறா. மாங்கா ஊறுகாய வழிச்சு வழிச்சுத் திங்கறா. அவளுக்கு நூத்தி பதினெட்டு! மாசாமாசம் வீட்டுக்கு வந்து பி.பி. பாக்கற அம்மா ஒண்ணு இருக்கு. முதல்ல எனக்குப் பாக்கும், அப்புறம் பின் வீட்டுக்குப் போய் அவளுக்குப் பாக்கும். நான் நடுக்கதவுகிட்ட நின்னு காது குடுப்பேன். "உங்களுக்கு சின்னப் பொண்ணு பி.பி.க்கா"ன்னு அது சொல்லும் பாரு, எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒருதரம், மெஷின் சரியில்ல, வேற மெஷின் கொண்டான்னு சண்ட போட்டேன். பாவம், கொண்டாந்துச்சு. அவளுக்கு அதே நூத்தி பதினெட்டு. எனக்கு நூத்தி அறுபத்தி நாலு.

பொறாமையான்னு கேக்கறியா? கேக்கலயா? மூஞ்சியில தெரியுது. ஆமாம்மா, பொறாமதான். நாளைக்கு நீ யாரோ, நான் யாரோ. உன்கிட்ட மறைச்சு எனக்கென்ன ஆகப்போகுது?

எங்க வீடு, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி வரிசையா நிக்குமே, அந்த ரோட்டு மேல. மாமியார் உசிரோட இருக்கும்போதே வீட்ட ரெண்டாப் பிரிச்சாங்க. முன் பாதி, பின் பாதி, நடுவுல ஒரு கதவு. நான் ஒத்தக் கால்ல நின்னேன், மூத்த மருமக எனக்கு ரோட்டைப் பாத்த பாதிதான் வேணும்னு. வந்தவங்க போனவங்க கண்ணுல படற வீடுன்னா ஒரு மதிப்பு இருக்குல்ல? பின் பாதியில என்ன இருக்கு? ஒரு கெணறு, ரெண்டு முருங்க மரம், அதுக்குப் பின்னால பள்ளிக்கூடத்து மைதானம். மூணு நாள் சாப்பிடாம கிடந்து வாங்கினேன் அந்த முன் பாதிய. அவ என்ன பண்ணா தெரியுமா? "அக்காவுக்கு எது பிடிக்குதோ அதையே குடுத்துடுங்க அத்தை"ன்னுட்டா. எதுத்து ஒரு வார்த்த பேசல. சண்ட போட்டிருந்தான்னா நான் ஜெயிச்ச மாதிரி இருந்திருக்கும். விட்டுக்குடுத்துட்டாளே, படுபாவி. பன்னெண்டு வருஷம் ஆச்சு, அது எனக்கு இன்னும் ஆறல.

என் வீட்டுக்காரர் போய் மூணு வருஷம் ஆகுது. ஏகாம்பரம்னா எங்க ஏரியாவுல எல்லாருக்கும் தெரியும். அந்த முன் ரூம்லதான், ஜன்னலோரம் சேர் போட்டுப் பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தார். பீடி சிகரெட் தொட்டதில்ல, குடி கிடையாது. ஐம்பத்தாறு வயசு. நான் காபி ஆத்திக்கிட்டு வர்றேன், பேப்பர் கீழ கிடக்கு, இவர் தல சாஞ்சிருக்கு. ஹார்ட்டுன்னாங்க. அவர் தம்பி, அதே தாய் தகப்பனுக்குப் பொறந்தவர், அதே சோத்தத் தின்னு வளந்தவர், இன்னிக்கும் சைக்கிள் மிதிச்சு மார்க்கெட்டுக்குப் போறார். அவ தாலி கழுத்துல மின்னுது. கண்ணு பட்டுடுச்சுன்னு நான் அப்பவே சொன்னேன். யாரு கண்ணுன்னு வேற சொல்லணுமா?

சரி, என் பொண்ணு கதைக்கு வர்றேன். சிந்துஜாவ ஆரணியில குடுத்திருக்கு. ஆறு மாசம் வரைக்கும் அங்கதான் காட்டினாங்க. பி.பி. நூத்தி பத்துக்கு எழுபது. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டியாந்துட்டேன். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே? அது என் பாத்தியதை. அவங்கப்பா உக்காந்த அந்த ஜன்னல்கிட்டயே கட்டில் போட்டேன். புது மெத்தை, புதுத் திரை. ரோட்ட வேடிக்கை பாத்துக்கிட்டு படுத்திருக்கட்டும், பொழுது போகும்னு. மூணு வாரம் கழிச்சு செக்கப்புக்குக் கூட்டியாந்தா, நூத்தி நாப்பத்தெட்டுக்குத் தொண்ணூத்தி நாலு.

டாக்டரம்மா வீடு எங்கன்னு கேட்டாங்க. "மெயின் ரோட்டு மேலயே டாக்டர், லாரியெல்லாம் எங்க வாசல்லதான் நிக்கும்"னேன். பெருமையாத்தான் சொன்னேன். அந்தம்மா எழுதறத நிறுத்திட்டாங்க. லாரிப் புகையில கண்ணுக்குத் தெரியாத பொடி இருக்காம். மூக்குல நிக்காதாம், நெஞ்சுலயும் நிக்காதாம், ரத்தத்துக்குள்ளயே இறங்கிடுமாம். இறங்கி, ரத்தக் குழாய உள்பக்கமா கெடுக்குமாம். குழா வளஞ்சு குடுக்காம இறுகிப் போயிடுமாம். வெயில்ல கிடந்த ரப்பர் டியூப் விறைச்சுப் போகும் பாரு, அந்த மாதிரின்னு நான் நெனச்சுக்கிட்டேன். அப்ப ரத்தத்த அழுத்தித் தள்ளணும்ல, அதுதான் பி.பி. ஏறுதாம். "அது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. கர்ப்பத்துல பி.பி. எத்தனையோ காரணத்தால ஏறும். மாத்திரை தர்றேன். ஆனா புகை வராத ரூம் இருந்தா அங்க படுக்க வைங்க. உங்க ஜன்னலத் தொட்டுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்"னாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் வீட்டு ஜன்னல! நாளைக்கு மூணுதரம் துடைக்கறேன்மா நான். துணி கறுப்பாத்தான் வரும், அலசிட்டு மறுபடி துடைப்பேன். என் வீடு அழுக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தி சொன்னதில்ல. "டாக்டர், எங்க தெருவுலயே என் வீடுதான் சுத்தம்"னேன். "காத்த எப்படிம்மா துடைப்பீங்க"ன்னு சிரிச்சாங்க. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. கூடவே என் ஓரகத்தி வேற நின்னாளே. செக்கப்புக்கு நானும் வர்றேன்னு ஒட்டிக்கிட்டு வந்தவ. அங்கயே, டாக்டர் முன்னாடியே, "என் ரூமுக்கு வந்துடுடி கண்ணு, அங்க புகை வராது"ன்னா. அன்னிக்கே தலகாணியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா என் பொண்ணு.

தினம் காலையில பி.பி. பாத்து ஒரு நோட்டுல எழுதச் சொன்னாங்க. புள்ளதாச்சி நம்பரப் பாக்கக் கூடாது, பாத்தா பயத்துலயே ஏறும், வேற ஒருத்தர் பாத்து எழுதணும்னு நர்ஸம்மா சொல்லிக் குடுத்துச்சு. மெஷின் வாங்கினது நான். நோட்டு வாங்கினது நான். எழுதினது குணா. முதல் நாள் நூத்தி நாப்பத்தி நாலு. மூணாம் நாள் நூத்தி முப்பத்தாறு. ஒரு வாரத்துல நூத்தி இருவத்தாறு. பத்தாம் நாள் நூத்தி இருவத்திரெண்டுக்கு எண்பது. "தலவலியே இல்ல சித்தி"ன்னு என் பொண்ணு சிரிக்கறது நடுக்கதவு வழியா எனக்குக் கேக்குது.

பெத்தவ என்கிட்ட இருந்தா ஏறுதாம், அவகிட்ட போனா இறங்குதாம்! அப்ப நான் என்ன பேயா, பிசாசா? டாக்டர் புகைன்னாங்க. அது என் காதுலயே ஏறல. எனக்கு அந்த நோட்டு வேற சொல்லுச்சு. உன் பொண்ணுக்கு உன்கிட்ட நிம்மதி இல்லடி, அவகிட்டதான் நிம்மதின்னு சொல்லுச்சு. அதுவும் நம்பர் போட்டு, தேதி போட்டு, அவ கையெழுத்துல. அவளுக்கு ரெண்டும் ஆம்பளப் பசங்க, பொண்ணு இல்லாத குறை. என் பொண்ணுக்குத் தல பின்னி விடறா. கால் வீங்கினா தடவி விடறா. முருங்கக்கீரை சூப்பு வெச்சுக் குடுக்கறா, மடக்கு மடக்குனு குடிக்குது. அதே சூப்ப நான் கொண்டுபோனா, "இப்பதாம்மா குடிச்சேன்"னு சொல்லுது. எதிர்வீட்டம்மா வேற வாசல்ல நிறுத்திக் கேக்குது, "என்ன, பிரசவம் சித்தி வீட்டுலயா?"ன்னு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. நிஜமா எரிஞ்சுச்சு, கை வெச்சுப் பாத்தா சுடும்போல.

அப்பதான் ஆரணியிலேர்ந்து சம்பந்தி பாக்க வர்றதா போன் வந்துச்சு. சம்பந்தி வந்து பாக்கும்போது பொண்ணு ஓரகத்தி ரூம்ல படுத்திருந்தா என்ன நெனப்பாங்க? ரெண்டே நாள் வாடின்னேன். வந்தா. சம்பந்தி வந்தாங்க, பழம் குடுத்தாங்க, பூ வெச்சாங்க, போனாங்க. அப்புறம் நான் விடல. உக்காந்து அழுதேன். "உங்கப்பா இருந்திருந்தா என்னை இப்படி விட்டுட்டுப் போவியா"ன்னேன். அவ எளகின மனசுக்காரி, அப்பா பேரச் சொன்னா வுளுந்துடுவா. "சரிம்மா, இங்கயே இருக்கேன். ஆனா பி.பி. ஏறுச்சுன்னா சித்தி ரூமுக்குப் போயிடுவேன். தடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னா. பண்ணேன். அவ தல மேல கைய வெச்சுப் பண்ணேன்மா.

நான் ஒண்ணும் சும்மா விட்டுடல. டாக்டர் சொன்னாங்களேன்னு ஜன்னல இறுக்கிச் சாத்தினேன். சந்துல துணி அடைச்சேன். அப்படியும் லாரி வாசனை வந்துச்சு, அது தெரியக் கூடாதுன்னு காலையும் சாயங்காலமும் நல்லா சாம்பிராணி போட்டேன். ரூமே மணக்கும், கோயில் மாதிரி. அவ இருமும்போது தண்ணி குடுப்பேன். வேற என்ன பண்ணணும் ஒரு அம்மா?

மறுநாள் காலையில நானே மெஷினக் கட்டினேன். கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டி உக்காந்திருக்கா, சின்னப் புள்ளையில ஊசிக்குக் கை நீட்டுவாளே, அதே மாதிரி. மெஷின் உர்ருன்னு ஏறி இறங்குச்சு. நம்பர் வந்துச்சு. நூத்தி முப்பத்தி நாலு. "எவ்ளோம்மா?"ன்னா.

"நூத்தி இருவத்தி நாலு"ன்னேன்.

இரு. ஏதோ பேரு கூப்பிட்டாங்க இல்ல? என் பொண்ணு பேரு இல்லயே? இல்ல. வேற யாரோ.

பத்துதான் கொறச்சேன். அவ்ளோதான், பத்து. நாளைக்கு இறங்கிடும், அப்ப சரியாப் போயிடும்னு நெனச்சேன். மறுநாள் நூத்தி முப்பத்தெட்டு. நோட்டுல நூத்தி இருவத்திரெண்டுன்னு எழுதினேன். இன்னிக்கு உண்மைய எழுதினா, நேத்து எழுதினது பொய்யின்னு தெரிஞ்சுடுமே. அப்படியே போச்சு, ஒன்பது நாள். "தலவலிக்குதும்மா"ன்னா. "தூக்கம் பத்தலடி"ன்னு எண்ணெ வெச்சு அமுக்கி விட்டேன். "மூஞ்சி வீங்கின மாதிரி இருக்கும்மா"ன்னா. "புள்ளதாச்சி மூஞ்சி அப்படித்தான் பூரிச்சு இருக்கும்"னேன். குணா நடுக்கதவுகிட்ட வந்து, "அக்கா, இன்னிக்கு எவ்ளோக்கா?"ன்னு தினம் கேப்பா. "நூத்தி இருவத்திரெண்டு! உன் வீட்டு நம்பரேதான்"னு கத்திச் சொல்லுவேன். சொல்லும்போது எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? பன்னெண்டு வருஷத்துல அவள நான் ஜெயிச்சது அந்த ஒன்பது நாள்தான். அவ என்ன சொன்னான்னு கேளேன். "நல்லதாப் போச்சுக்கா, உங்க கைராசி"ன்னா. அதுக்கப்புறம் நான் நடுக்கதவுக்குத் தாழ்ப்பா போட்டுட்டேன். அவ மூஞ்சியப் பாக்க முடியல.

நேத்து மத்தியானம், சாப்பிட உக்காந்தவ, தட்ட தள்ளிட்டா. "அம்மா, கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்குது. உன் மூஞ்சி தெரியல"ன்னா. அவ "சித்தீ"ன்னு கத்தினா. நான் பக்கத்துல நிக்கறேன்மா. இதோ, உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கற தூரம்தான். என்னைக் கூப்பிடல. சித்தின்னு கத்தறா. நடுக்கதவ அந்தப் பக்கத்துலேர்ந்து குணா தட்டறா, தட்டறா, நான் மரம் மாதிரி நிக்கறேன். தாழ்ப்பாள எடுக்கக்கூடத் தோணல. கெணத்துப் பக்கம் சுவரேறிக் குதிச்சு, சந்து வழியா சுத்தி வாசலுக்கு ஓடியாந்தா. இந்த வயசுல சுவரேறிக் குதிச்சிருக்கா! ஆட்டோ பிடிச்சதும் அவதான், என் பொண்ணு தலைய மடியில வெச்சுக்கிட்டதும் அவதான். நான் டிரைவர் பக்கத்துல உக்காந்து வந்தேன், நோட்டக் கையில பிடிச்சுக்கிட்டு.

காலையில டாக்டரம்மா நோட்டக் கேட்டாங்க. பக்கம் பக்கமாப் புரட்டினாங்க. "நேத்து காலை வரைக்கும் நூத்தி இருவத்தி நாலு, மத்தியானம் நூத்தி எழுபதா? ஒரே நாள்ல எப்படி?"ன்னாங்க. ரத்தம் எடுத்தாங்க, மூத்திரம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. "கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சா, திடீர்னு ஏறுச்சான்னு தெரியணும்மா. கொழந்தைய இன்னும் ரெண்டு வாரம் உள்ளயே வளர விடலாமா, இல்ல இன்னிக்கே எடுத்துடணுமா, அதையும் வெச்சுத்தான் முடிவு பண்ணணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, வீட்டுல ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"ன்னாங்க. குணா பக்கத்துல நின்னா. அவ முன்னாடி எப்படிம்மா சொல்லுவேன்? அவளே சொன்னா டாக்டர்கிட்ட, "எங்க அக்கா ஒரு நாள் விடாம எழுதினாங்க டாக்டர், நோட்டு சரியாத்தான் இருக்கும்"னு. எனக்காகப் பேசறா! பாவி, அப்பவும் விட்டுக்குடுக்கறா!

மூணு மணிக்குப் பெரிய டாக்டர் வர்றாராம். நோட்டோட வரச் சொல்லியிருக்காங்க. இப்ப மணி என்ன? ரெண்டே முக்காலா? நோட்டு இந்தப் பையிலதான் இருக்கு. அதனாலதான் காலையிலேர்ந்து மடிய விட்டு இறக்கல.

கிழிச்சுப் போட்டுடலாம், தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம்னு ஒருதரம் தோணுச்சு. பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். அப்புறம் அந்த ஜன்னல்கிட்ட நின்னேன். இங்க மூணாவது மாடி, காத்து நல்லா வருது. ஜன்னல் கட்டைய விரலால தொட்டேன், டாக்டர் சொன்னாங்களேன்னு. விரல் சுத்தமா இருந்துச்சு. என் வீட்டுல மூணுதரம் துடைச்சும் விரல்ல மை மாதிரி ஒட்டுமே, அது ஞாபகம் வந்துச்சு. அந்த ஜன்னல்கிட்டதான் அவர் ஒன்பது வருஷம் உக்காந்திருந்தார். அங்கதான் என் பொண்ணுக்கும் கட்டில் போட்டேன். நானே போட்டேன். சாப்பிடாம கிடந்து வாங்கின ஜன்னல்மா அது.

உன் பார்ம் முடிஞ்சுதா? அந்தப் பேனாவக் கொஞ்சம் வெச்சுக்கோ. இந்தா, நோட்டு. கடைசிப் பக்கம் புரட்டு. பொய் எழுதின இந்தக் கையால என்னால எழுத முடியாது. நீ எழுது. நான் எழுதினத அடிச்சுடாத, அது இருக்கட்டும், அதுக்குப் பக்கத்துலயே எழுது. எனக்கு எல்லா நம்பரும் ஞாபகம் இருக்கு. அவ வீட்டு நம்பரோட ராவும் பகலும் ஒப்பிட்டுப் பாத்து வெந்தவளாச்சே, மறக்குமா? முதல் நாள், நூத்தி முப்பத்தி நாலு, கீழ எண்பத்தாறு. எழுதிட்டியா? ரெண்டாம் நாள், நூத்தி முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு. மூணாம் நாள், நூத்தி நாப்பத்திரெண்டு, தொண்ணூறு.

அதோ வர்றா. பச்சைப் புடவை. நிறுத்தாதம்மா, எழுது. மூச்சு வாங்கறா பாரேன். படிக்கட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. கண்ணெல்லாம் செவந்திருக்கு, கீழ போய் அழுதுட்டு வந்திருக்கா, எனக்குத் தெரியாம.

குணா, இங்க வா. மாத்திரைய அப்புறம் குடுக்கலாம். உக்காரு. இந்தம்மா எழுதட்டும், நீயும் கேளு. நாலாம் நாள், நூத்தி நாப்பத்தாறு, தொண்ணூத்திரெண்டு. அன்னிக்கு உன்கிட்ட நான் நூத்தி இருவத்திரெண்டுன்னு சொன்னேன். என்னைப் பாக்காத, நோட்டப் பாரு. அஞ்சாம் நாள், நூத்தி ஐம்பது...